கெங்கம்மாளும் இரண்டு கணவாய்களும்

கெங்கம்மாளுக்கு ஐம்பத்தொரு வயது. வெள்ளானூரில் பிறந்தவர், கோவில்பதாகையில் வாழ்க்கைப்பட்டவர். மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பெரிய பைகளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தொரு வருடமாகத் தோள் வார் தைக்கிறார். அவர் அதுவரை ஏறிய உயரமான இடம் எங்கள் யூனிட்டின் இரண்டாவது மாடி. அங்கேதான் சாப்பாட்டு அறை.

நான் தமிழரசு, அந்த யூனிட்டின் சூப்பர்வைசர். வயது முப்பத்தெட்டு, எடை தொண்ணூற்று நான்கு கிலோ. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் உட்கார்ந்து வந்து, சாயங்காலம் வரை யூனிட்டில் உட்கார்ந்திருந்து, மறுபடி ரயிலில் உட்கார்ந்து வீட்டுக்குப் போகிறவன். இப்படிப்பட்ட எங்கள் இருவரையும் போன ஜூன் மாதம் முதலாளி இமயமலைக்கு அனுப்பினார். பிரியத்தால் அல்ல.

மணாலிக்கு மேலே மலையேற்றம் நடத்தும் ஒரு கம்பெனி எங்களிடம் முந்நூறு பை வாங்கியிருந்தது. மே மாதம் அங்கிருந்து போன் வந்தது. தோள் வார் பிய்ந்துகொண்டு வருகிறதாம். அனுப்பிய படத்தில் பிய்ந்த நூல் மட்டும்தான் தெரிந்தது. கோவேறு கழுதை மேல் ஏற்றும்போது வாரைப் பிடித்து இழுத்திருப்பார்கள் என்றார் முதலாளி வரதன். நீங்களே வந்து ஒரு நாள் தூக்கி நடந்து பாருங்கள் என்றார்கள் அவர்கள். வரதன் எங்களை அறைக்குக் கூப்பிட்டு, டீ சொல்லிவிட்டு, விஷயத்துக்கு வந்தார்.

"தூக்கிகினு நடங்க. தாங்குச்சுன்னா நம்ம மேல தப்பில்ல. தையல் உட்டுச்சுன்னா வார் லைன மூடிட்டு வேலைய வெளிய குடுத்துடுவேன். எட்டு பேரும் ஊட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

அந்த எட்டுப் பெண்களில் மூத்தவர் கெங்கம்மாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாரைப் பையோடு சேர்க்கும் இடத்தில் சதுரமாக ஒரு கட்டம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போலக் குறுக்கே தைக்க வேண்டும். எங்கள் யூனிட்டில் அதற்குக் கிராஸ் என்று பெயர். பாரத்தைத் தாங்குவது அதுதான். அதற்கு முந்தின வருடம் ஆயுத பூஜைக்கு முன் வாரம், மணாலிச் சரக்கின் கடைசிப் பகுதியை அனுப்ப நேரமாகிக்கொண்டிருந்தது. "கிராஸ் வேணாம், கட்டமே கல்லு மாதிரி நிக்கும்" என்று லைனில் நின்று சொன்னவன் நான். வரதனுக்கு இது தெரியாது. அன்று அறையில் சொல்லியிருக்கலாம். டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

கெங்கம்மாள் பயிற்சி எடுத்தார். வேலை முடிந்து ஆவடி ஸ்டேஷனில் இறங்கி, பத்து கிலோ ரேஷன் அரிசியைப் பையில் போட்டு மாட்டிக்கொண்டு, நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கினார். தினமும் இருபது முறை. மூன்றாம் நாள் ரயில்வே போலீஸ்காரர் நிறுத்தி, பையில் என்ன என்று கேட்டார். அரிசி என்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். இமயமலைக்கு என்றார். போலீஸ்காரர் பையை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, பார்த்துப் போங்கம்மா என்றாராம். நான் பயிற்சி எதுவும் எடுக்கவில்லை. திருத்தணியில் படியேறியவனுக்கு இமயமலை எம்மாத்திரம் என்று நினைத்தேன். படியேறியது பதினொன்றாம் வகுப்பில்.

மணாலி போய்ச் சேர்ந்ததும், உயரத்துக்கு உடம்பு பழகட்டும் என்று மூன்று நாள் அடிவாரக் கிராமத்தில் தங்கவைத்தார்கள். என் உடம்பு எதற்கும் பழகவில்லை. நான்காம் நாள் விடிந்ததும் வழிகாட்டி வந்தார். நாற்பது வயதிருக்கும். என் அரைகுறை இந்தியை அவர் பொறுத்துக்கொண்டார். ஒரே நாளில் இரண்டு கணவாய் தாண்டி, அந்தப் பக்கத்து ஊரில் இறங்க வேண்டும், உயரம் பதிமூவாயிரம் அடி என்றார். கெங்கம்மாள் காலில் போட்டிருந்தது மகன் அருளின் கம்பெனி சேஃப்டி ஷூ. முனையில் இரும்பு. வழிகாட்டி அதைக் குச்சியால் தட்டிப் பார்த்தார்.

மலையேற்றக் கம்பெனியின் கொட்டகையில் எங்கள் பைகள் குவிந்து கிடந்தன. கெங்கம்மாள் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, நிதானமாக இரண்டை எடுத்தார். ஒன்றைத் தான் மாட்டிக்கொண்டார்.

"இது உனுக்கு, தமிழு."

என் பையில் சோதனைப் பாரமாகப் பதினைந்து கிலோ அரிசியும், மதியச் சாப்பாடும், என் கம்பளிச் சட்டையும் போயின. சாப்பாடு என்றால், ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த புளிக்காய்ச்சலில் கலந்த சோறு. மாட்டிக்கொண்டேன். வாரில் கிராஸ் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் பார்க்கவில்லை.

முதல் கணவாய்க்கு ஏற நான்கு மணி நேரம் ஆனது. அந்த நான்கு மணி நேரமும் மலையை, மணாலிக்காரர்களை, வரதனை எல்லாம் மனதுக்குள்ளேயே திட்டினேன். வாய்விட்டுத் திட்ட மூச்சில்லை. கெங்கம்மாள் நிற்கவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. மெஷினில் உட்கார்ந்தால் எப்படியோ அப்படி, ஒரே வேகம். மேலே கற்களைக் குவித்துக் கலர் கலராகக் கொடி கட்டியிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அந்தாண்ட இன்னா கீது?"

"இன்னொரு மலை, யக்கா."

"இதுக்கா இவ்ளோ தூரம் ஏறுனோம்?"

கல்லின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அவருடைய அம்மா நாற்று நட்ட கழனியெல்லாம் இப்போது வெள்ளானூரில் வீட்டுமனை. இருபது வயதில் பிசிறு நூல் வெட்டும் வேலை, பிறகு வேறொரு யூனிட்டில் பட்டன், முப்பதில் வார். பிள்ளைகள் அருளும் யுவராணியும் படித்ததே இந்த வாரில்தான். அதையெல்லாம் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பையின் வாரைத் தடவினார்.

"இத்தினி வருசம் தச்சேனே, இது எங்க போவுது, யாரு மாட்டிக்கிறான்னு ஒரு நாளும் நெனச்சதில்ல."

என் வார் தாங்கியிருந்தது. கடவுள் இருக்கிறார் என்று தோன்றியது. கற்குவியலைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இன்னும் ஒரு கணவாய் தாண்டிவிட்டால் எட்டு பேரும் பிழைத்துக்கொள்வார்கள், நானும் வாயைத் திறக்க வேண்டியிருக்காது.

இரண்டாவது கணவாய்க்குக் கொஞ்சம் கீழே, பனி மூடிய சரிவைக் குறுக்கே கடக்க வேண்டும். பாதை ஒரு அடி அகலம். வலது பக்கம் பள்ளம். நடுவில் நின்று பையைத் தோளில் ஒரு குலுக்குக் குலுக்கினேன். பட் என்று ஒரு சத்தம். வலது வார் பிய்ந்து, பை முழுக்க இடது கையில் தொங்கி, என்னை அப்படியே சுற்றிக் கீழே உட்காரவைத்தது. நான் வழுக்க ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. சேஃப்டி ஷூவின் இரும்பு முனையைப் பனியில் குத்திக்கொண்டு கெங்கம்மாள் நின்றார். தொண்ணூற்று நான்கு கிலோ. விடவில்லை. இடது கையிலிருந்து பை கழன்று, உருண்டு, வெகு கீழே ஒரு பாறையில் முட்டி நின்றது.

வழிகாட்டி ஓடி வந்து எங்களைக் கரை சேர்த்துவிட்டுப் பைக்காக இறங்கினார். நாங்கள் மிச்ச ஏற்றத்தை ஏறிக் கணவாயில் போய் உட்கார்ந்தோம். பை வந்ததும் கெங்கம்மாள் பிய்ந்த இடத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார். கட்டம் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

"என் தையல்தான். கடைசீல மூணு தபா திருப்பி ரிவர்ஸ் தையல் போட்டுக்கீது பாரு, அது நான்தான். உனுக்குன்னு பாத்துத்தான் எடுத்தேன்."

"தெரிஞ்சேவா குடுத்த?"

"அன்னிக்கு ரூம்ல நீ வாயத் தொறப்பேன்னு பாத்துகினே இருந்தேன். நீ டீ குடிச்சுகினு இருந்த. நான் சொன்னா, பழிய உன் மேல போடறேன்னு மொதலாளி சொல்லுவாரு. சரி, பையே சொல்லட்டும்னு உட்டேன்." அந்தச் சரிவைத் திரும்பிப் பார்த்தார். "இப்பிடி ஒரு பள்ளம் இருக்கும்னு எனுக்குத் தெரியாது, நைனா. அது என் தப்பு. நீ கிராஸ் வேணான்ன, நானும் சரின்னு தச்சேன், அதுவும் தப்பு. யாரு பெத்த புள்ளைங்களோ இத மாட்டிகினு இங்க நடக்குதுங்க."

அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. குளிரையும் மீறி முகம் சுட்டது.

கற்குவியல் அருகே போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது. வரதனைக் கூப்பிட்டேன்.

"இன்னாப்பா, வார் தாங்குச்சா?"

"பிஞ்சிடுச்சு சார். தச்சது கெங்கம்மாக்கா, ஆனா கிராஸ் வேணாம்னு சொன்னது நான் சார்."

"இன்னா? கேக்கல."

"கிராஸ் வேணாம்னு நான்தான் சார் சொன்னேன்!"

"காத்து அடிக்குதுப்பா, சத்தமா சொல்லு."

பதிமூவாயிரம் அடி உயரத்தில் நின்று, இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, தப்பு என்னுது, லேடீஸ் மேல ஒண்ணும் இல்ல, அந்த வாரத்துச் சரக்கு மொத்தத்தையும் திருப்பி வாங்கணும் என்று கத்தினேன். வழிகாட்டி மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். வரதன், "நீ வா, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். சூப்பர்வைசர் நாற்காலி அந்த இடத்திலேயே போய்விட்டது எனக்குப் புரிந்தது.

கெங்கம்மாள் சுருக்குப் பையிலிருந்து தடித்த ஊசியும் நூலும் எடுத்து, பிய்ந்த வாரை வைத்துக் கட்டம் தைத்து, குறுக்கே கிராஸ் போட்டு, பல்லால் நூலைக் கடித்தார். பிறகு ஊசியை என் கையில் கொடுத்தார்.

"இடது பக்கத்துலயும் கிராஸ் இல்ல. நீ போடு."

நான் தையலை மேற்பார்வை பார்த்தவன், தைத்தவன் அல்ல. விரல் மரத்துப்போன அந்தக் குளிரில் அரை மணி நேரம் குத்தினேன், பாதி துணியில், பாதி விரலில். அவர் வாங்கிப் பார்த்தார். முழுவதையும் பிரித்துப்போட்டார்.

"மறுபடி போடு."

மறுபடி போட்டேன். இழுத்துப் பார்த்தார், இன்னொரு முறை இழுத்தார், தலையாட்டினார். புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு இறங்கினோம். ஊர் வரும்வரை, நாலு எட்டுக்கு ஒரு தரம் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.