புளித்த வாடை

"உங்க நைனாவத் தூங்க வெக்கறதுக்கு டாக்டர் எதுக்குமா? அரை கிளாஸ் போதுமே" என்றார் மாமா.

அம்மாவின் தம்பி அவர். காக்களூர் வார்ப்புப் பட்டறையில் நைனாவுக்கு ஜோடி. உருகிய இரும்பை ஒரு குண்டானில் பிடித்து, அதன் இரண்டு பக்கத்துக் கம்பியையும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் போய் மண் அச்சில் ஊற்றுவார்கள். ஒருவன் தடுமாறினால் இருவருக்கும் பாதம் மிஞ்சாது. சர்க்காரே சாராயக் கடையைத் திறந்துவிட்ட பிறகு, சனிக்கிழமைகளில் கடைக்கும் ஜோடியாகவே போனார்கள். மாமா நடந்து திரும்புவார். நைனாவை யாராவது கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். எழுந்ததும் அம்மாவை அடிப்பார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, திருவள்ளூர் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவர் மெட்ராஸிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருவார். ஹிப்னாடிசம் செய்து கெட்ட பழக்கங்களை விடவைப்பார். இனிப்பு தின்று ஊதிப்போன மண்டிக்காரர் மனைவி அவரிடம்தான் ஜாங்கிரியை மறந்தாள். டோக்கன் கொடுப்பதும், வாந்தி எடுப்பவர்களுக்குப் பேசின் பிடிப்பதும் என் வேலை. திரைக்கு இந்தப் பக்கம் நின்று அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் எனக்கு மனப்பாடம்.

நைனாவைப் பற்றி முதலில் கேட்டபோது டாக்டர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அந்த மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் இது பலிக்காதும்மா. கொஞ்சமாவது கற்பனை வேணும்" என்றார். பிறகு ஒருநாள், கற்றுக்கொள்ள இரண்டு இளம் டாக்டர்கள் வந்திருந்தபோது அவராகவே கூப்பிட்டார். "உங்கப்பாவைக் கூட்டிட்டு வா. இவங்களுக்குக் காட்டணும்."

நைனா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் தன் பேனாவை அவர் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டு பேசினார். நைனாவின் இமைகள் உடனே விழுந்துவிட்டன. டாக்டர் ஓர் ஊசியை எடுத்து அவர் புறங்கைத் தோலின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் வாங்கினார். நைனா அசையவில்லை.

"பாத்தீங்களா, மாடு மாதிரி இருக்கார்" என்றார். இளம் டாக்டர்கள் சிரித்தார்கள். நான் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சாராயம் எப்படி வாடை அடிக்கும்? சொல்லுங்க."

"புளிச்ச வாட" என்றார் நைனா, கண் மூடியபடியே.

"அந்தப் புளிச்ச வாடை இனிமே மூக்குல பட்டாலே உங்க குடல் பொரளும். உள்ள ஒரு சொட்டு தங்காது."

நோயாளியின் வாயிலிருந்தே சொல்லை வாங்கி, அதைக்கொண்டே அவன் மனசுக்குக் கட்டுப்போட வேண்டும் என்று அவர் அந்த இருவருக்கும் விளக்கினார்.

கட்டு பலித்தது. சனிக்கிழமை கடை வாசலிலேயே நைனா வாந்தி எடுத்தார், மாமாவின் காலில். மறுவாரமும் அப்படியே. மாமா அதோடு கூப்பிடுவதை விட்டுவிட்டார். அம்மா டாக்டர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஆனால் டாக்டரிடம் போய்வந்த மறுநாள் காலையிலிருந்தே நைனாவுக்குக் கூழும் இறங்கவில்லை. சட்டியைத் திறந்தால் ஓங்கரித்தார். முதலில் காய்ச்சலென்று நினைத்தோம். பழையது வைத்தோம். அதற்கும் அதே கதி. எங்கள் வீட்டில் புளிக்காதது எது? ராத்திரி வடிக்கும் ஒருவேளைச் சோறு மட்டும். காலையிலும், பட்டறையில் பத்து மணிக்கும் மத்தியானத்துக்கும் கூழ்தான். உலை முன்னால் நிற்பவனுக்கு அதுதான் குளிர்ச்சி, அதுதான் தெம்பு. டாக்டர் காலையில் ரொட்டியை நெருப்பில் வாட்டித் தின்கிறவர். அவர் மூக்குக்குப் புளிப்பென்றால் சாராயம் ஒன்றுதான்.

நைனா பகல் முழுக்க டீயிலும் பொறையிலும் வேலை செய்தார். கழுத்தெலும்பு வெளியே வந்தது. பட்டறைக்காரர்களுக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. பத்து மணிக்கு எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து ஒரே சமயத்தில் தூக்குகளைத் திறப்பார்களாம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவார்களாம். மாமாதான் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினார்.

அம்மாவும் கற்றுக்கொண்டாள். வேண்டுமென்றே அவர் பக்கத்தில் போய்ச் சட்டியைத் திறந்து கரைப்பாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்புவார்.

"இன்னா, நாத்தமா கீதா? எனுக்கு எத்தினி வருசமா நாறிச்சு ஒன் வாயி. நான் மூக்கப் புடிச்சினு ஓடனனா?"

குடிக்காத நைனாவுக்கு அடிக்கக் கை வரவில்லை.

ஆடி மாதம் வந்தது. எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ் இரண்டு நாள் புளித்திருந்தது. முருங்கைக் கீரையும் கருவாட்டுக் குழம்பும் பக்கத்தில் தயாராக இருந்தன. வரிசையில் நின்று வாங்கி அங்கேயே ஒரு வாய் குடிக்க வேண்டும். வாங்க மாட்டேன் என்றால் அம்மனையே வேண்டாம் என்ற மாதிரி. நைனா மூச்சைப் பிடித்துக்கொண்டு சொம்பை நீட்டினார். குடித்தார். அம்மனுக்கு முன்னாலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது.

பம்பைக்காரன் அடிப்பதை நிறுத்தினான்.

"ஆத்தா கூழக் கக்கிட்டான்டா" என்றது ஒரு குரல். "இன்னா பாவம் பண்ணானோ." பூசாரி, மறுபடியும் குடித்துத்தான் ஆகவேண்டும் என்றார். மாமா நைனாவின் கைகளைப் பின்னால் பிடித்துக்கொண்டார். "தொற மாமா வாய. ஆத்தா கூழு, ஒண்ணும் பண்ணாது" என்றார் சிரித்துக்கொண்டே. ஊற்றினார்கள். வந்தது. மறுபடி ஊற்றினார்கள். குழந்தைகள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் நைனாவை இழுத்து வந்தேன். "படிச்ச பொண்ணு வந்திருச்சு, வழி உடுங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். வழி விட்டார்கள்.

திங்கட்கிழமை உலையடியில் நைனாவின் கால் மடங்கியது. இரும்பு தளும்பி மாமாவின் செருப்பைப் பொசுக்கியது. "காலி வயித்துக்காரன்கூட இனிமே தூக்க மாட்டேன். எம் பொண்டாட்டி தாலிக்கு யார் ஜவாப்பு?" என்று மாமா மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். அதில் பொய் இல்லை. மேஸ்திரி அந்த வாரம் முடிவதற்குள் தெம்போடு வரச் சொன்னார். இல்லாவிட்டால் வரவே வேண்டாமென்றார்.

டாக்டரிடம் போய்க் கட்டை அவிழ்க்கச் சொன்னேன்.

"குடியை விட்டுட்டாரா இல்லையா?"

"விட்டுட்டாரு. கூழையும் விட்டுட்டாரு சார்."

"கூழ் என்ன பெரிய சத்தா? ரொட்டி சாப்பிடச் சொல்லு." அடுத்த டோக்கனைக் கூப்பிடு என்றார். கூப்பிட்டேன். அன்று மாலை சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று சொன்னேன். "உன் படிப்புக்கு இதவிட நல்ல வேலை கிடைக்காது" என்றார். எனக்கு வாய்ப்பாடமாக இருந்ததை அவரால் திரும்ப வாங்க முடியாது.

நானே அவிழ்க்கப் போகிறேன் என்றதும் அம்மா குறுக்கே நின்றாள்.

"அவுத்தின்னா அதுவும் வந்துரும்டி."

"பட்டினியில செத்துருவாரும்மா."

"சாவட்டும். குடிச்சிட்டு என்ன சாவடிக்கறதுக்கு அது தேவல."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் முன்பல் இரண்டும் இல்லாத வாயால் அதைச் சொன்னாள். அவளைத் தாண்டிப் போய் நைனாவைச் சுவரோரம் உட்கார வைத்தேன். பேனாவுக்குப் பதில் காலண்டர் மாட்டும் ஆணி.

"இந்த ஆணியப் பாரு நைனா."

டாக்டரின் குரலே என் வாயிலிருந்து வந்தது. இமைகள் விழுந்தன. கூழின் புளிப்பு வேறு, சாராயத்தின் புளிப்பு வேறு. ஒன்று வயிற்றில் தங்கும், மற்றது தங்காது என்று சொன்னேன். விழித்ததும் ஒரு சொம்புக் கூழ் கொடுத்தேன். நைனா வாசம் பார்த்தார். குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை அம்மா அடுப்படியிலிருந்து எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். மாமா மறுமுனையைப் பிடித்தார். சனிக்கிழமை மாமாவே அவரைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து வாசலில் போட்டார். ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லையாம்.

"அரை கிளாஸ்தான்மா. எப்பிடித் தூங்கறாரு பாரு" என்றார் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் உதடு வீங்கியிருந்தது. எனக்குச் சோறு வைத்தாள், தட்டைத் தள்ளிவிட்டு.

நான் அழவில்லை. யோசித்தேன். அருவருப்பை ஒரு பொருளின் மேல் ஏவிவிட்டால் அது அங்கேயே நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்கும் போகும். அவிழ்த்தால் மொத்தமாக அவிழும். டாக்டருக்கு அந்த ஒரு வழிதான் தெரியும். நைனா கடைக்குப் போவது பசியோடுதான். வேலை முடிந்து பட்டறைச் சங்கு ஊதும்போது வயிறு காய்ந்திருக்கும், மாமா தோளில் கைபோட்டிருப்பார்.

அதனால் அடுத்த சனிக்கிழமை சங்கு ஊதுவதற்கு முன்பே தூக்கு நிறையக் கூழோடு பட்டறை வாசலில் போய் நின்றேன். ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெளியேறினார்கள். "இன்னா டாக்டரம்மா, இங்கியே ஆஸ்பத்திரியா?" என்றார் மாமா. நைனா தலைகுனிந்து வந்தார். அவரைப் புளியமரத்துக்குப் பின்னால் உட்கார வைத்துக் கூழைக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் மரத்தில் ஒரு முடிச்சைக் காட்டினேன். சாராயம் என்ற சொல்லை இந்தத் தடவை எடுக்கவே இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது, கால் வீட்டுப் பக்கம் போகிறது, அவ்வளவுதான் சொன்னேன். ரோட்டில் மாமா பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார். நைனாவின் இமைகள் விழுந்தன. நான் முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினேன்.