துறைமுகக் கோத்திரம்

எங்கள் அப்பா 1942ஆம் ஆண்டு பிறந்தார். இலங்கை ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்த காலம். பர்மா அரிசி வராமல் போனதையும், கொழும்பில் பல்கலைக்கழகம் தொடங்கியதையும், ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டதையும் அந்த ஆண்டின் நிகழ்வுகளாகச் சரித்திரப் புத்தகங்கள் சொல்கின்றன. திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போன சின்னத்தம்பி என்பவர் வீடு திரும்பாததைச் சொல்வதில்லை. அவர் அப்பாவின் தந்தை. உடலும் கிடைக்கவில்லை. அப்பா அப்போது தாயின் வயிற்றில் இருந்தார்.

குண்டுக்குப் பயந்து ஊர் கலைந்தபோது அப்பாச்சி வடக்கே கோப்பாய்க்குப் போனார். அப்பா அங்கே பிறந்து, பள்ளியை இடையில் விட்டு, கடை வைத்து எங்கள் மூவரையும் படிப்பித்தார். உள்நாட்டுப் போரில் கடை போனது. பிறகு பெற்றோர் விசாவில் அவுஸ்திரேலியாவின் கிரெய்கிபர்னுக்கு என்னிடம் வந்தார். அந்த விசாவின் விதிகள் எனக்கு மனப்பாடம். அப்பாவுக்கு எந்த விதியிலும் பெரிய மரியாதை இருந்ததில்லை.

பக்கத்து வீட்டுக் கென்னின் தந்தையும் கப்பலில் சரக்கு இறக்கியவர். அதே 1942 பெப்ரவரியில், இந்த நாட்டின் வடகரைத் துறைமுகமான டார்வினில் யப்பானியர் போட்ட குண்டில் இறந்தவர். டார்வினுக்கு வந்த யப்பானியப் போர்க்கப்பல்களிற் சிலவே திருகோணமலைக்கும் வந்தன என்பதை இருவரும் வேலியடியில் நின்று கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு பெப்ரவரியும் கென்னும் நண்பர்களும் நினைவுத்தூணடியில் கூடி, டார்வினில் இறந்தோரின் பெயர்களை வாசிப்பார்கள். தன் தந்தையின் பெயரும் நாலு பேர் எழுந்து நிற்கும் இடத்தில் ஒருமுறை வாசிக்கப்பட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

"அப்பா, அது டார்வின் ஆக்களுக்கு. பேர் சேர்க்கிறதெண்டால் குழுவுக்கு எழுதவேணும். அவை கூடி முடிவெடுக்கவேணும்" என்றேன்.

"நீ எழுதிக்கொண்டிரு. நான் கென்னோடை போட்டு வாறன்."

கென் எங்கள் குசினிக் கதிரையில் இருந்து அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினார். நினைவுத்தூணடியில் தன் முறை வந்ததும் வாசித்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் யார் என்று பிறகு ஒருவர் கேட்டபோது, தன் தந்தையோடு வேலை செய்தவர் என்றார் கென். இடையில் ஒரு சமுத்திரம் கிடந்ததை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

அந்த ஆடி அமாவாசைக்கு அப்பா கென்னையும் கோயிலுக்குக் கூட்டிப் போனார். தர்ப்பணத்தில் கென்னின் தந்தை பெயரையும் சொல்லச் சொன்னார்.

"என்ன கோத்திரம்?" என்றார் ஐயர்.

"துறைமுகக் கோத்திரம் எண்டு சொல்லுங்கோ ஐயா. ரெண்டு பேருக்கும் அதுதான்."

ஐயர் சிரித்துவிட்டு, தெரியாதவர்களுக்குச் சொல்லும் சிவ கோத்திரத்தைச் சொன்னார்.

கடைசி மாதங்களில் அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், உணவு கொண்டுவந்த அன்ரிமாருக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிய கென்னுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தர்ப்பணத்தில் அப்பா, அப்பப்பா, பூட்டன் என்று மூன்று தலைமுறைதான் முறை. இந்த ஆடி அமாவாசைக்கு நான் நாலாவதாக ஒரு வெள்ளைக்காரப் பெயரையும் சொன்னேன். ஐயர் கோத்திரம் கேட்கவில்லை.