பசித்தவன் காது

தம்பானூர் லாட்ஜில் அவர் எனக்கு அடுத்த அறை. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, ரேடியோ இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும் ஒலியைக் கண்டுபிடிப்பது பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒட்டிய கன்னம், காதிடுக்கில் பென்சில். மழை பெய்கிறதா என்று பார்க்கக்கூட ஜன்னலுக்கு வெளியே இரண்டு தடவை கை நீட்டுவார்.

எனக்கு அவர் ஒரு வேலை தந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவே அவர் அனுப்பும் மெல்லிய சீழ்க்கை கேட்டால் ‘உண்டு’, கேட்காவிட்டால் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். கூலி, மத்தியானச் சாப்பாடு.

காலையில் பசி. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கேட்காததற்கும் ‘உண்டு’ என்பேன். சாப்பிட்டபின் கண் சொக்கும், எல்லாம் ‘இல்லை’தான். ஒரு வாரத்தில் அவர் நோட்டைப் பார்த்துத் துள்ளினார்.

“வே, பசிச்சா அனுப்பாத சத்தமும் உமக்குக் கேக்கு. தின்னா அனுப்புன சத்தமே கேக்கல்ல. பெரிய விஷயமாக்கும்!”

அதை உறுதிப்படுத்த, ஒருநாள் விட்டு ஒருநாள் என் சாப்பாட்டை நிறுத்தினார். இரண்டாவது பட்டினியன்று, “பசிக்குது சார்” என்றேன்.

பென்சிலை எடுத்தார். “நிச்சயமாவா? பத்துக்கு எத்தன?”

“பத்துக்குப் பத்து சார்.”

“பசிச்சவன் எதுக்கும் உண்டுன்னுதான் சொல்லுவான். உம்ம பேச்ச எப்பிடிவே நம்ப?”

அன்றே வேலை தேடி, மலையடிவார ஊரான விதுராவுக்கு நடையைக் கட்டினேன். பிறகு எத்தனையோ பேர் எனக்குச் சோறு மறுத்திருக்கிறார்கள். மறுக்கும் முன் என் பசியை இத்தனை அக்கறையாக விசாரித்தவர் அவர் ஒருவர்தான்.