லைன் நின்ற நாள்

எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால் எந்தப் படகும் கடலில் இறங்காது. எடுத்த மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த பிறகுதான் இறங்கும். பகையாளி வீட்டுச் சாவானாலும் அப்படித்தான். மீறி வலையில் கை வைத்தவனை ஊரே காறித் துப்பும்.

அந்தக் குப்பத்திலிருந்து கார் கம்பெனிக்குப் போன முதல் ஆள் நான். தொண்ணூறுகளின் கடைசியில் மறைமலைநகர் பக்கம் கம்பெனிகள் முளைத்தபோது ஐடிஐ முடித்தவனுக்கெல்லாம் யோகம் அடித்தது. செங்கல்பட்டில் மாட்டுக் கொட்டகையை இடித்துவிட்டு வாடகைக்கு ரூம் கட்டினார்கள். குப்பத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் கம்பெனி நீலச் சட்டையோடு நான் கம்பெனி பஸ் ஏறுவதை, மீன்கூடையோடு போகும் பெண்கள் நின்று பார்ப்பார்கள். வலியப் பெண் கொடுக்க வந்த மகராசன்களும் உண்டு.

நைனாவுக்கு மட்டும் அது பிடிபடவே இல்லை. "ஏன்டா, ஒண்ணுக்கு வந்தாக்கூட ஆளு மாத்தி வுட்டாதான் போவணுமாமே? வேலையா அது, ஜெயிலா?" என்பார்.

அவர் கேட்டது வாஸ்தவம்தான். லைனில் வண்டி ஊர்ந்துகொண்டே வரும். நான் முன் சக்கரத்தை மாட்டி முடுக்க வேண்டும். நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். மாற்று ஆள் வராமல் நகரக் கூடாது. வண்டியில் கோளாறு இருந்தால் மட்டும் தலைக்கு மேலே தொங்கும் மஞ்சள் கயிற்றை இழுக்கலாம், மொத்த லைனும் நின்றுவிடும். டிரெயினிங்கில் இருந்தவன் எவனும் அதைத் தொடமாட்டான். நான் பர்மனென்ட் ஆக இரண்டு மாதம்தான் பாக்கி. அதற்குள் ஒரு நாள் வராமல் போனாலும் சீட்டு கிழிந்துவிடும்.

ஒரு மதியம் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தார். "கேட்டுக்கு போன் வந்துச்சுப்பா. உங்க அப்பா தவறிட்டாராம். கொஞ்சம் இரு, மாத்த ஆள் அனுப்புறேன்" என்றார். காலையில் கடலிலிருந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

நான் தலையாட்டினேன். சக்கரத்தை மாட்டினேன். கண்ணீரில் போல்ட்டு தெரியவில்லை, கை பழக்கத்தில் முடுக்கியது. அடுத்த வண்டி வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. ஆள் வந்தபாடில்லை. சனியன் பிடித்த வண்டி, என் நைனாவுக்காக ஒன்றாவது நிற்கக் கூடாதா? கை தானாக மேலே போனது. கயிற்றை இழுத்துவிட்டேன்.

லைன் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. நாலு பேர் ஓடிவந்து வண்டியைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள்.

"இன்னாய்யா கோளாறு?" என்றார் சூப்பர்வைசர்.

"எங்க நைனா செத்துட்டாரு சார்."

"தெரியும்யா. வண்டில இன்னா கோளாறு?"

சாவு விழுந்தால் வேலை நிற்கும். நான் பிறந்ததிலிருந்து பார்த்த சட்டம் அது ஒன்றுதான். அவர் என்னையே பார்த்தார். பிறகு முடுக்குகிற கருவியை என் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டார். "போ. நாளைக்குக் காலைல முதல் ஷிப்டுக்கு வந்துடு. வரலன்னா என்னால உன்னைக் காப்பாத்த முடியாது" என்றார். நான் கேட்டைத் தாண்டுவதற்குள் லைன் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது.

கம்பெனி பஸ் ஷிப்ட் முடிந்தால்தான் கிளம்பும். மதில் சுவருக்கு உள்ளே புதுக் கார்கள் வரிசை வரிசையாக வெயிலில் நின்றன. வெளியே நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் கையைக் காட்டிக் காட்டிப் பார்த்தேன், ஒருத்தனும் நிறுத்தவில்லை. செங்கல்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் பஸ் மாறி ஊர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எனக்காக எடுக்காமல் வைத்திருந்தார்கள். நீலச் சட்டையோடேயே கொள்ளி வைத்தேன்.

திரும்பி வந்ததும் மாமா, "காலைல பாலு தெளிக்கணும், ரெடியா இரு" என்றார். முதல் ஷிப்டுக்கு வரச் சொன்னதை அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அம்மாதான் சொன்னாள்.

"அவன் வேலைக்குப் போவட்டும். சின்னவன் தெளிக்கட்டும். ரெண்டு மாசம் பல்லக் கடிச்சிகினு இருந்துட்டான்னா வூடு தலையெடுத்துடும்."

ஐயோ, ஒரு வார்த்தை 'இருடா' என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. சொல்லியிருந்தாலும் இருந்திருப்பேனா, தெரியாது.

விடிந்ததும் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கரையில் படகுகள் எல்லாம் மணலிலேயே கிடந்தன. ரோட்டில் மீன்கூடைப் பெண்கள் ஒருத்தியும் இல்லை. என் நைனாவுக்காக ஊரே வேலையை நிறுத்தியிருந்தது. அன்றைக்கு அந்தக் குப்பத்திலிருந்து வேலைக்குப் போனவன் அவர் பெற்ற பிள்ளை ஒருத்தன்தான்.