காலையிலேயே போட்ட ஒன்பது கையெழுத்து

என் அக்காவைக் கட்டிய மகராசனை ஊரில் 'புள்ளிவிவரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில், காப்பீட்டு முகவர். பாலிசி பிடித்த நேரத்தைவிட வாய் கிழியப் பேசிய நேரம்தான் அதிகம். எந்தத் தெருவில் யாருக்கு எத்தனை ஓட்டு, எந்த வீட்டில் மாமியார் ஒரு பக்கம் மருமகள் ஒரு பக்கம் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். சொந்த வீட்டில் கேஸ் தீர்ந்து மூன்று நாளானது மட்டும் தெரியாது.

போன சட்டசபைத் தேர்தலில் எங்கள் தொகுதிக்கு ஒரே பிரச்சினைதான். நகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டப்போவதாக ஒப்பந்தக்காரர் ஒருவர் ஓட்டுக் கேட்டார். இடிக்க விடமாட்டேன் என்று எதிர்த்து நின்றார், ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். என் அக்கா அந்த ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக நர்ஸ். அங்கே அவள் கையில் பிறந்த பிள்ளைகளே இப்போது பள்ளிக்கூடம் முடிக்கப் போகிறார்கள்.

ஓட்டு எண்ணும் நாளில் தலைமை ஏஜென்ட் பொறுப்பை என் அத்தானிடம் கொடுத்தார் டீச்சர். அந்த நல்ல மனுஷி வாழ்க்கையில் செய்த ஒரே முட்டாள்தனம் அதுவாகத்தான் இருக்கும்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. சுயேச்சைகள் மெஷினில் அடங்காத அளவுக்கு நின்றதால் அந்தத் தடவை பழைய வாக்குச்சீட்டுதான். மொத்தம் ஒன்பது சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கட்டுகளைப் பார்த்து, எண்ணிக்கை சரியென்றால் 'ஆட்சேபணை இல்லை' என்று தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நானும் ஒரு மேசையில் ஏஜென்டாக உட்கார்ந்திருந்ததால் இதைக் கண்ணால் பார்த்தேன். முதல் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஒன்பது தாளையும் வாங்கி வரிசையாகக் கையெழுத்துப் போட்டார் மனுஷர்.

"அத்தான், இன்னும் ஒரு ஓட்டுகூட எண்ணலையே?"

"எல்லாம் ஃபார்மாலிட்டிடா மச்சான். ஒவ்வொரு தடவையும் இவங்க பின்னாடி நிக்கணுமா? வெளிய டிவிக்காரங்க காத்திருக்காங்க."

போனார். சுற்றுக்குச் சுற்று கேமரா முன்னால் நின்று, டீச்சர் நாலாயிரம் ஓட்டில் ஜெயிப்பார் என்று அளந்தார். நானாவது டீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அக்கா புருஷனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கேவலத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஒப்பந்தக்காரர் பதினெட்டு ஓட்டில் ஜெயித்தார்.

ஏழாவது சுற்றில் டீச்சருக்கு விழுந்த ஐம்பது ஓட்டுக் கட்டு ஒன்று எதிராளியின் தட்டில் போய் விழுந்ததாக மேசை ஊழியர் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். டீச்சர் அதிகாரியிடம் ஓடி, மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்டார். அதிகாரி ஏழாவது தாளை எடுத்து நீட்டினார்.

"உங்க ஏஜென்ட் கையெழுத்துதானேம்மா இது? அப்பவே எழுதிக் கொடுத்திருந்தா எண்ணியிருப்போம்."

டீச்சர் அத்தானைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க படிச்சவர்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான். அந்தம்மாள் அதற்குமேல் திட்டவில்லையே என்று எனக்குத்தான் ஆத்திரம்.

மறுநாளே அத்தான் காரணம் கண்டுபிடித்துவிட்டார். பத்தொன்பது சோம்பேறிகள் ஓட்டுப் போட வராததால் ஊர் நாசமாகிவிட்டதாம். டீக்கடையில் ஆளாளுக்கு ஓட்டுரிமை பற்றிப் பாடம் எடுத்தார்.

நாலே மாதத்தில் ஆஸ்பத்திரியை இடித்தார்கள். அக்காவை மாற்றிய இடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். எங்கள் தெருக் கர்ப்பிணிகளுக்கும் அதே இரண்டு பஸ்தான். போன மாதம் ஒரு பெண்ணுக்கு ஆட்டோவிலேயே பிரசவமானது.

முந்தாநாள் காலையில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த தேர்தலிலும் இவரையே டீச்சர் பக்கம் ஏஜென்டாக உட்காரச் சொல்லிக் கேட்டார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் புரியும். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? எதிர்க்கட்சிக்காரனே என் திறமையை மதிக்கிறான்!"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க. போன தடவை அவங்களை ஜெயிக்க வச்சது நீங்கதானே."

"அப்படிச் சொல்லு!" என்று சிரித்தார்.