வடக்கே மூன்று ஆள்

எங்கள் கூட்டத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரம்பலூரில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் ஐடி. உடையார்பாளையத்தில் முந்திரிக்கொட்டை வாங்கி விற்பவன் முந்திரி. அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் வெட்டுகிற சுரங்கம் ஒன்றில் சூப்பர்வைசராக இருப்பவன் மைன்ஸ். அரியலூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் நான் மெடிக்கல். நாலு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைச் சாத்தியதும் என் மாடி அறையில் கூடுவோம். முதலில் சீட்டுதான் ஆடிக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஐடி பெங்களூரிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதோடு சீட்டாட்டம் போயிற்று.

பெட்டியின் மேல் தாடியும் கோடரியுமாக ஒருவன் முறைத்துக்கொண்டு நின்றான். வைக்கிங் என்றான் ஐடி. பனி விழுகிற நாட்டுக்காரர்கள், படகேறிப் போய் அடுத்தவன் ஊரைக் கொள்ளையடிப்பவர்கள்.

"நம்மூர் வெயில்ல இவன் அரை மணி நேரம் தாங்குவானாடா?" என்றேன்.

"நீ முதல்ல ஆட்டத்த கத்துக்க, அப்பறம் நக்கல் பண்ணு."

ஆட்டம் இதுதான். ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் மரப் பொம்மைகள் இருக்கும். முறை வரும்போது ஒரு வேலைக்கு ஒரு பொம்மையாகப் பலகையில் வைக்க வேண்டும். மரம் வெட்ட ஒன்று, மீன் பிடிக்க ஒன்று, படகு கட்ட ஒன்று. நான் வைத்த இடத்தில் நீ வைக்க முடியாது. சாமானும் சாப்பாடும் சேர்ந்த பிறகு, மிச்ச பொம்மைகளைப் படகில் ஏற்றிப் பலகையின் மேல் ஓரத்தில் இருக்கும் தீவுகளுக்குக் கொள்ளைக்கு அனுப்பலாம். பகடை உருட்டினால் யார் திரும்பி வருவார்கள், யார் சாவார்கள் என்று தெரிந்துவிடும்; மண்டையோடு விழுந்தால் சாவு. செத்தவர்கள் அவர்களுடைய சாமியின் மாளிகைக்குப் போய் விருந்து சாப்பிடுவார்களாம். அனுப்பியவனுக்கு அதற்கும் பாயிண்ட் உண்டு. எனக்கு முதல் நாளே அது பிடிக்கவில்லை. ஆளைக் கொன்று பாயிண்ட் வாங்குவது என்ன விளையாட்டு என்று கேட்டேன். தோற்கிறவன் பேசுகிற பேச்சு என்றார்கள். அதுவும் உண்மைதான்.

ஐடி வாசித்த இங்கிலீஷ் விதிகள் எங்கள் வாயில் நிற்கவில்லை. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். பொம்மைக்கு 'ஆள்'. வைப்பதற்கு 'போடுவது'. மேலே இருந்த தீவுகள் எல்லாம் சேர்ந்து 'வடக்கு'. இந்தப் பேச்சைக் கொண்டுவந்தவன் மைன்ஸ். சுரங்கத்தில் அவன் வேலையே அதுதான். காலையில் கான்ட்ராக்ட் ஆட்கள் ஷெட்டில் வந்து நிற்பார்கள், யாரை எந்தக் குழியில் போடுவது என்று இவன் சொல்ல வேண்டும். இரண்டிலும் அவனுக்குக் கை தயங்காது. எங்களில் அதிகம் ஜெயித்தவனும் அவன்தான்.

இன்னொரு சட்டமும் போட்டோம். அதற்குக் காரணம் முந்திரி. ஆளை ஒரு இடத்தில் வைப்பான், நாம் பஜ்ஜிக்குக் கை நீட்டுகிற நேரத்தில் பக்கத்து இடத்துக்கு நகர்த்திவிட்டு, முதலிலேயே அங்கேதான் வைத்தேன் என்று சத்தியம் பண்ணுவான். அதனால் எதைச் செய்தாலும் எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னதை மாற்றக் கூடாது என்று முடிவானது. சொன்னது சொன்னதுதான்.

அந்த ஞாயிறு ஐப்பசி மழை. மதியமே அறை இருட்டிவிட்டதால் டியூப் லைட்டைப் போட்டிருந்தேன். மைன்ஸ் தலையைத் துவட்டிக்கொண்டே உட்கார்ந்தான். அவனுக்கு அன்று லீவு. முகம் மட்டும் லீவில் இல்லை.

"வடக்கு குழியில மேல் செவுரு பொளந்திருக்குடா. கை நுழையிற அளவுக்கு. நேத்தே கயிறு கட்டி செவப்புத் துணி தொங்க விட்டுட்டேன், ஒருத்தனும் எறங்கக் கூடாதுன்னு."

"அப்பறம் என்ன?" என்றான் ஐடி.

"அடியில ஒரு பம்பு மாட்டிட்டிருக்கு. தண்ணி ஏறுது. எடுக்கட்டுமா எடுக்கட்டுமான்னு மேஸ்திரி காலையிலேர்ந்து உசுர எடுக்கறான். மழ விடட்டும்னு சொல்லிருக்கேன்."

போனை அணைத்து வைடா என்றேன். மேஸ்திரி கூப்பிட்டால் எடுக்காமல் இருக்க முடியாதென்று பலகைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான்.

ஆட்டம் சூடு பிடித்தது. முந்திரி முன்னால் போய்க்கொண்டிருந்தான். கடைசிச் சுற்றில் மைன்ஸ் கையில் மூன்று ஆட்களும் ஒரு படகும். எங்கே போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. விரலெல்லாம் பஜ்ஜி எண்ணெய். சுண்டுவிரலால் தொட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், இங்க கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. மூணு ஆளு சும்மா ஒக்காந்திருக்காங்க. எங்க போடறது?"

"இருங்க," என்றான் மைன்ஸ்.

"டேய், போன வச்சுட்டு ஆட்றா. உன் மொறதான்," என்று முந்திரி கத்தினான். "வாயத் தொறந்து சொல்லு!"

மைன்ஸ் எரிச்சலோடு பொம்மைகளைப் படகில் அடுக்கினான். சட்டப்படி சத்தமாகச் சொன்னான்.

"மூணு பேரையும் வடக்க போட்டாச்சு! போதுமா?"

"சரி சார்," என்றது போன்.

பகடை உருண்டது. மூன்றிலும் மண்டையோடு. மூன்று ஆட்களும் காலி. சாவுக்கான பாயிண்ட் சேர்ந்து, மைன்ஸ் முந்திரியைத் தாண்டிப் போய்விட்டான். ஐடி கைதட்டினான். மைன்ஸ் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றான். எனக்கு எப்போதும் போல வயிற்றெரிச்சல். அவன் சந்தோஷத்தைக் குலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"ஏண்டா, உங்க மேஸ்திரி எதுக்கு சரின்னான்?"

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. போனைப் பார்த்தான். அழைப்பு எப்போதோ முடிந்திருந்தது. பதறி எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று பெண் குரல் ஒன்று நிதானமாகச் சொல்லிற்று. மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் அதே குரல்.

"ஷெட்ல இருந்தா சிக்னல் இருக்கும்டா," என்றான். "குழியில எறங்கினாத்தான் இருக்காது."

அவன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினான். நான்தான் சாவியைப் பிடுங்கி ஓட்டினேன். சாலை முழுக்க லாரிகள் சிந்திய வெள்ளை மண் மழையில் குழைந்து கிடந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பின்னால் உட்கார்ந்து அவன் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அந்தப் பெண் குரல் என் காதுக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்பக் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது. மூன்று மண்டையோடு விழுந்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருந்து விற்கிறவன், இதையெல்லாம் நம்பலாமா என்றும் கேட்டுக்கொண்டேன். பயம் போகவில்லை.

ஷெட்டில் யாரும் இல்லை. சாப்பாட்டுத் தூக்குகள் மட்டும் வரிசையாகத் தொங்கின. வடக்குக் குழிக்குப் போகிற வழியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, சிவப்புத் துணி நனையாதபடி ஒரு கல்லுக்கு அடியில் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் மைன்ஸ் ஒரு சத்தம் எழுப்பினான். அது பேச்சில்லை.

கீழே, இடுப்பளவுத் தண்ணீரில், மூன்று பேர் பம்பைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி தண்ணீர் ஓரத்தில் நின்றார். அவர்கள் தலைக்கு மேலே அந்தச் சுவர். வெடிப்புக்குள்ளிருந்து செம்மண் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். மைன்ஸ் என் வாயைப் பொத்தினான். சத்தம் போட்டால் சுவர் விழ அதுவே போதுமோ என்று அவனுக்குப் பயம். சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினான். ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். சார் வந்துவிட்டார், அவசரப்படுத்துகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். முன்னைவிட வேகமாக இழுக்க ஆரம்பித்தார்கள்.

"நீ வராத," என்று என்னிடம் சொல்லிவிட்டு அவன் சரிவில் இறங்கி ஓடினான். சறுக்கி விழுந்து, எழுந்து, தண்ணீருக்குள் போய், மூவரில் மூத்தவரின் கையைப் பிடித்து இழுத்தான். அவர் பம்பைக் காட்டி ஏதோ சொன்னார். இவன் பிடித்த கையை விடவில்லை. சுவரிலிருந்து சரளைக்கல் கொஞ்சம் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. பிறகு எல்லோரும் கயிற்றைப் போட்டுவிட்டு ஏறி வந்தார்கள். அவர்கள் மேலே வந்து சேர்கிறவரை நான் அந்த வெடிப்பைத் தவிர எதையும் பார்க்கவில்லை. சுவர் அன்று விழவில்லை.

ஷெட்டுக்குள் வந்ததும் மேஸ்திரிக்குக் கோபம்.

"இன்னும் ரெண்டு இழுப்புல வந்திருக்கும் சார். நீங்கதான மூணு பேரையும் வடக்க போடச் சொன்னீங்க?"

மூத்தவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா வயது இருக்கும்.

"வடக்கன்னதும் எனக்கு யோசனையாத்தான் இருந்துச்சு சார்," என்றார். "கயிறு வேற கட்டிருந்துச்சு. அப்பறம், நீங்க சொன்னா பாத்துதான் சொல்லிருப்பீங்கன்னு எறங்கிட்டோம்."

அந்த வார்த்தையைக் கேட்டு மைன்ஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். போனில் சரியாகக் கேட்கவில்லை, மழை, சிக்னல் என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவன் உள்ளதைச் சொன்னான்.

"ஒங்கள சொல்லலீங்க. நாங்க ஒரு வெளையாட்டு வெளையாண்டுட்டு இருந்தோம். அதுல மூணு பொம்ம. அத வடக்க போடறேன்னு சொன்னேன். போன் ஆன்ல இருந்துச்சு."

தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். மூத்தவருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குழந்தையிடம் கதை கேட்பதுபோல் கேட்டார்.

"வெளையாட்டுல நாங்க என்ன சார் ஆனோம்?"

மைன்ஸ் என்னைப் பார்த்தான்.

"ஜெயிச்சுட்டீங்க," என்றேன்.

"அப்பறம் என்ன, விடுங்க சார்," என்று அவர் மைன்ஸின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.