கடைசிப் பாட்டு முடியுமட்டும்

பிரான்சுக் கிராமங்களைப் பார்க்கப் போகிறோம் என்றால் யாருக்கும் பல்லெல்லாம் தெரியும். அகஸ்ரீனாவோ அன்று விடிந்ததிலிருந்து மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மன்னார்ப் பெண் அவள். பலேர்மோவில் ஒன்பது வருசமாக ஒரு சிஞ்ஞோராவுக்கு, வயதான இத்தாலிய எசமானிக்கு, சமைத்து, துவைத்து, நேரத்துக்கு மருந்து கொடுத்து வந்தாள். வுச்சீரியாச் சந்தையடியில் ஓர் அறை, ஞாயிறு பூசை. மற்றதெல்லாம் சிஞ்ஞோரா வீடுதான். தொண்ணூற்றெட்டுக் கோடையில் அந்தக் கிழவிக்கு ஊர் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. காரோடு ஜெனோவாவுக்குக் கப்பலேறி, அங்கிருந்து பிரான்சுக்குக் காரை விட்டாள். முழங்கால் நோவுக்குத் துணையாக இவளையும் இழுத்துக்கொண்டாள்.

இவள் மறுக்காமல் வந்ததற்குக் காரணம் தம்பி றொனி. மார்செயில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். விசா இல்லை, இத்தாலிக்கு வர வழியில்லை. அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பத்து வருசம். சிஞ்ஞோரா கடைசியாகப் பார்க்கப்போகும் கிராமத்தில் அன்று ஊர்த் திருநாள் என்று தெரிந்ததும் அகஸ்ரீனா போன் எடுத்தாள்.

"பாண்ட் அடிப்பினமாம், றொனி. அந்த இடத்திலை நில். நான் வாறன்."

"ஓம் அக்கா. விடியவே வந்து நிப்பன்."

ஆனால் சிஞ்ஞோராவுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதே! முதல் கிராமத்தில் கடையிலிருந்த சவர்க்காரம் அத்தனையையும் மணந்து பார்த்தாள். அடுத்ததில் ஒருவன் பாலத்தடியில் அக்கோடியன் வாசித்தான். கிழவி கதிரை வாங்கிப்போட்டு உட்கார்ந்து தாளம் தட்டினாள். 'நிப்பாட்டித் துலையடா, கட்டையிலை போவானே' என்று அகஸ்ரீனா மனத்துக்குள் திட்டிக்கொண்டே பக்கத்தில் சிரித்தபடி நின்றாள். விசா இல்லாத தம்பியைப் பற்றிச் சிஞ்ஞோராவிடம் வாய் திறக்க அவளுக்குப் பயம்.

கடைசிக் கிராமத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. சதுக்கத்து மரங்களின் கீழ் பாண்ட் முழங்கியது. சனம் சோடி சோடியாக ஆடியது. அகஸ்ரீனா ஒவ்வொரு முகமாகத் தேடினாள். றொனி இல்லை. பொலிஸ் பிடித்துவிட்டதோ? இவ்வளவு நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டானோ? பெற்ற தாய் போல வளர்த்த பிள்ளையல்லவா, மறுபடியும் முதல் முகத்திலிருந்து தேடினாள்.

இன்னும் ஒரு பாட்டுத்தான், முடிந்ததும் புறப்படவேண்டும், இருட்டில் தன்னால் கார் ஓட்ட ஏலாது என்றாள் சிஞ்ஞோரா.

ஊதுகிறவர்கள் வாசிப்பை இடையில் நிறுத்தி வைன் குடித்தார்கள். அகஸ்ரீனாவுக்கு அது புதினமாக இருந்தது. புனிதர் சுரூபத்துக்கு முன்னால் நின்று குடிப்பார்களா? அப்போதுதான் கவனித்தாள், அங்கே சுரூபமே இல்லை. மன்னாரில் திருநாள் பாண்ட் என்றால் கோயில் வாசலில்தான் அடிக்கும், சுரூபத்துக்குப் பின்னால்தான் போகும். றொனியும் அந்த ஊரில் வளர்ந்தவன்தானே!

"சிஞ்ஞோரா, கோயிலுக்குப் போய் ஒரு செபம் சொல்லிவிட்டு ஓடி வருகிறேன்" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டுப் பறந்தாள்.

கோயில் மேட்டில் இருந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால், அயன் பண்ணிய சேட்டோடு றொனி உட்கார்ந்திருந்தான். முன்மண்டையில் மயிர் கொட்டியிருந்தது.

"விசரா! பாண்ட் அடிக்கிறது காதிலை விழேல்லையே?"

"விழுந்தது அக்கா. எப்பிடியும் சுரூபம் எடுக்கக் கோயிலடிக்கு வரும்தானே, நீயும் அதோடை வருவாய் எண்டு..."

அவள் அவன் தோளில் இரண்டு அடி போட்டாள். பிறகு கட்டிப்பிடித்துக் குழறி அழுதாள். கீழே அந்தக் கடைசிப் பாட்டுத் தொடங்கியது.

"இது முடிய நான் போகவேணும், றொனி."

இருவரும் கைகோத்துப் படியில் உட்கார்ந்தார்கள். பாலத்தடி வாத்தியக்காரனைத் திட்டித் தீர்த்தவள், 'இன்னும் கொஞ்சம் வாசியுங்கோ ராசா' என்று கெஞ்சியபடி அந்தப் பாட்டைக் கேட்டாள்.

கைதட்டல் கேட்டது.

"போ அக்கா, சிஞ்ஞோரா ஏசுவா" என்றான் றொனி. ஆனால் கையை அவன் விடவில்லை.